மவுண்ட் ரோடு: கடைவீதி நெடுஞ்சாலையான கதை

மவுண்ட் ரோட்டின் வியாபாரத்தை மால்கள் விழுங்கிவிட்டன என்பது சென்னையில் அடிக்கடி காதில் விழும் பேச்சு. காலக்கணக்கு அதற்கு ஒத்துவரவில்லை. ராதாகிருஷ்ணன் சாலையில் சிட்டி சென்டர் வந்தது 2006-இல். எக்ஸ்பிரஸ் அவென்யூ 2010-இல், வேளச்சேரி ஃபீனிக்ஸ் 2013-இல். பழைய ஸ்பென்சர் கட்டடமோ 1983-இலேயே தீக்கிரையாகிவிட்டது. சஃபையர் திரையரங்க வளாகம் 1994-இல் மூடப்பட்டது. மால்கள் கதவைத் திறந்தபோது மவுண்ட் ரோடு ஏற்கெனவே தளர்ந்துபோயிருந்தது. ஆகவே காரணத்தை வேறு இடத்தில்தான் தேட வேண்டும். அப்படித் தேடும்போது, இந்தச் சாலைக்கு உயிரூட்ட எடுத்த முயற்சிகள் ஏன் பாதி வழியில் நின்றன என்பதும் கூடவே விளங்கிவிடுகிறது.

புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்து பரங்கிமலைக்குப் போகும் சாலை இது; இன்றைய பெயர் அண்ணா சாலை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதன் வடபாதியில் ஐரோப்பியக் கம்பெனிகள் வரிசையாகக் கடை விரித்தன. குதிரை வண்டி கட்டிய சிம்சன் 1840-இல் தொடங்கியது. இன்று மியூசீ மியூசிக்கல் என்று நாம் அறிந்த இசைக்கருவிக் கடையின் வேர் 1842-க்குப் போகிறது. ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடை 1844-இல் பிறந்தது. இன்றுள்ள வெள்ளைக் கட்டடத்துக்கு 1904-இல் வந்தது. கடிகாரத்துக்கு பி. ஆர் அண்ட் சன்ஸ், துணிமணிக்கு வொயிட்அவே லெய்ட்லா, மருந்துக்கு டபிள்யூ. ஈ. ஸ்மித். இவை எல்லாவற்றுக்கும் மேலாக ஸ்பென்சர்ஸ். 1863-இல் சார்லஸ் டூரண்ட் தொடங்கி, ஜே. டபிள்யூ. ஸ்பென்சர் கூட்டுச் சேர்ந்த சிறிய கடையை யூஜின் ஓக்ஷாட் பெரிய நிறுவனமாக வளர்த்தார். 1890-களில் கட்டடக் கலைஞர் போக்சன் வடிவமைத்த செங்கல் நிறக் கட்டடத்துக்கு அது குடிபெயர்ந்தது. ஆசியாவின் மிகப் பெரிய கடைகளுள் ஒன்று என்ற பெயர் அதற்கு இருந்தது. பக்கத்துக் கன்னிமாரா ஹோட்டலும் அவர்கள் கையில் இருந்தது. திண்டுக்கல் சுருட்டை உலகுக்கு விற்றதும் இதே ஸ்பென்சர்ஸ்தான்.

இந்தப் பட்டியலில் இல்லாத பொருள்களைக் கவனியுங்கள். பட்டுச் சேலை இல்லை, தங்க நகை இல்லை, பாத்திரம் இல்லை. ஒரு தமிழ்க் குடும்பம் கடன் வாங்கியாவது செலவு செய்யும் மூன்றும் மவுண்ட் ரோட்டில் கிடையாது. அவற்றுக்கு ஜார்ஜ் டவுனுக்கும் மயிலாப்பூருக்கும், பிற்பாடு தியாகராய நகருக்கும் போனார்கள். மவுண்ட் ரோடு பியானோ விற்றது, கைக்கடிகாரம் விற்றது, ஆங்கிலப் புத்தகம் விற்றது, கார் விற்றது. நகரத்தின் மிக அழகான கடைவீதி, நகரத்தில் பெரும்பாலோர் எதையும் வாங்காத கடைவீதியாகவும் இருந்தது. பின்னால் வந்த சரிவுக்கு முதல் விதை இதில் இருக்கிறது என்பது என் கருத்து. மவுண்ட் ரோட்டைப் பற்றி ஏக்கத்தோடு எழுதுபவர்கள் இந்த இடத்தைத் தொடாமல் கடந்துவிடுகிறார்கள்.

1947-க்குப் பிறகு ஐரோப்பிய வாடிக்கையாளர்கள் கப்பல் ஏறினார்கள். இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தது. வெளிநாட்டுச் சாமான் வேண்டுமென்றால் பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே நடத்திய பர்மா பஜாருக்குப் போக வேண்டிய காலம் ஒன்று பிறந்தது. நியாயப்படி மவுண்ட் ரோடு அப்போதே படுத்திருக்க வேண்டும். படுக்கவில்லை. மாறாக, ஒரு தலைமுறைக் காலம் அது எல்லோருக்குமான சாலையாக மாறியது. வொயிட்அவே கட்டடத்தில் சுதேசமித்திரன் நாளிதழ் இயங்கியது. பிறகு அங்கே வி.ஜி.பி. வந்து, தவணைமுறையில் ரேடியோவும் மின்விசிறியும் வாங்கும் பழக்கத்தை நடுத்தரக் குடும்பங்களுக்குக் கொண்டுவந்தது. காதி பவனும் பூம்புகாரும் திறந்தன. 1951-இல் புகாரி ஹோட்டல் வந்தது. 1959-இல் எல்.ஐ.சி. கட்டடம் எழுந்தது, அன்றைக்கு நாட்டிலேயே உயரமான கட்டடம் அதுதான். வெளியூரிலிருந்து வந்தவர்கள் அண்ணாந்து பார்க்க ஒரு காரணம் கிடைத்தது.

ஆனால் கூட்டத்தை உண்மையில் கொண்டுவந்தது சினிமா. சென்னையின் சினிமா வரலாற்றில் இந்தச் சாலைக்குத் தனி இடம் உண்டு. 1913-இல் வார்விக் மேஜர் கட்டிய எலெக்ட்ரிக் தியேட்டரின் கட்டடம் அண்ணா சாலை அஞ்சலக வளாகத்தில் இப்போதும் நிற்கிறது. ரகுபதி வெங்கையா கட்டிய கெயிட்டி, பிறகு எல்ஃபின்ஸ்டன், வெலிங்டன், குளோப், 1941-இல் கேசினோ, 1961-இல் சாந்தி, அதற்கடுத்து ஆனந்த், 1964-இல் சஃபையர், 1970-இல் தேவி. சஃபையர் வளாகத்தில் சஃபையர், எமரால்ட், புளூ டயமண்ட் என்று மூன்று அரங்குகள் ஒரே கூரையின் கீழ் இருந்தன. இந்தியாவில் அப்படி அமைந்தவற்றுள் அதுவே முதல் என்பார்கள். புளூ டயமண்டில் படம் இடைவிடாமல் ஓடிக்கொண்டே இருக்கும். எப்போது வேண்டுமானாலும் உள்ளே போகலாம், வேண்டிய மட்டும் உட்கார்ந்திருக்கலாம்.

ஒரு திரையரங்கம் கடைக்காரருக்கு என்ன செய்கிறது என்பதை நின்று யோசிக்க வேண்டும். மேட்னிக்கு வந்தவர்கள் டிக்கெட் கிடைக்காமல் ஈவினிங் ஷோவுக்குக் காத்திருப்பார்கள். கையில் மூன்று மணி நேரம் இருக்கும், பையில் கொஞ்சம் காசு இருக்கும், வேறு வேலை இருக்காது. சாப்பிடுவார்கள், கண்ணாடிக்குள் இருப்பதை வேடிக்கை பார்ப்பார்கள், கைக்குட்டையோ பேனாவோ வாங்குவார்கள். அடுத்த முறை வரும்போது பெரிதாக ஏதாவது வாங்குவார்கள். இப்படி நாளுக்கு மூன்று, நான்கு காட்சிகள், பத்துக்கு மேற்பட்ட அரங்குகள். கடைகளின் கல்லா நிரம்பியதற்கு விளம்பரம் காரணமல்ல. இந்தக் காத்திருப்பே காரணம்.

சென்னைத் தொலைக்காட்சி 1975-இல் தொடங்கியது. எண்பதுகளில் வண்ணமும் வீடியோவும் வந்தன. அரங்கின் வருமானத்தைவிட அது நின்ற மண்ணின் விலை பல மடங்கு ஏறியது. கெயிட்டி, வெலிங்டன், ஆனந்த் என்று ஒவ்வொன்றாக விழுந்தன. சஃபையர் இருந்த மனை நெடுங்காலம் வெறுமையாகக் கிடந்தது. சாந்தி 2016-இல் மூடியது. அரங்குகளின் இடத்தில் எழுந்தவை பெரும்பாலும் அலுவலகங்கள். காலை பத்து மணிக்கு லிஃப்டில் ஏறுகிறவர் மாலை ஆறுக்கு இறங்கி நேரே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். அவரால் பக்கத்துக் கடைக்குப் போணிகூட ஆவதில்லை.

இதே காலத்தில் சாலையும் மாறியது. நகரில் 1895 முதல் ஓடிய டிராம் 1953-இல் நின்றது. 1973-இல் ஜெமினி சந்திப்பில் மேம்பாலம் வந்தது. சென்னையின் முதல் மேம்பாலம். ஊர் தெற்கே வளர வளர, மவுண்ட் ரோடு வடக்கையும் தெற்கையும் இணைக்கும் முதன்மைத் தடமாயிற்று. வண்டிகளுக்கு இடம் தேவைப்பட்டபோதெல்லாம் நடைபாதை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. நடுவில் தடுப்பு வந்தது. கடைவீதி என்றால் இரண்டு பக்கமும் சேர்ந்ததுதான் கடைவீதி. ஹிக்கின்பாதம்ஸில் புத்தகம் பார்த்தவர் எதிர்ப்பக்கம் இன்னொரு கடையைக் கண்டு குறுக்கே நடந்து போக முடிய வேண்டும். முடியாதபோது, ஒரு வீதி இரண்டு அரை வீதிகளாகப் பிளந்துவிடுகிறது. இருபுறமும் ஆளுக்குப் பாதி வாடிக்கையாளர்தான் மிச்சம். வயதானவர்களையும் கைக்குழந்தையோடு வந்தவர்களையும் படியிறங்கிச் சுரங்கப்பாதையில் போகச் சொல்வது, வேறு இடத்துக்குப் போங்கள் என்று சொல்வதற்குச் சமம். அவர்களும் வேறு இடத்துக்குப் போனார்கள்.

போன இடம் தியாகராய நகர். 1920-களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து உருவான குடியிருப்பு அது. 1928-இல் தொடங்கிய நல்லி பட்டுக் கடை அங்கே வேரூன்றியது. ஆனாலும் அந்த வட்டாரத்தை வெற்றிபெறச் செய்தது மாம்பலம் ரயில் நிலையம். புறநகர் ரயிலிலிருந்து இறங்கியவுடன் கால் படுவது ரங்கநாதன் தெருவில். நெருக்கடி, வியர்வை, தள்ளுமுள்ளு எல்லாம் உண்டு. ஆனால் கார் கிடையாது. செங்கல்பட்டிலிருந்தும் தாம்பரத்திலிருந்தும் சில ரூபாய் டிக்கெட்டில் வந்து, தலை முதல் கால் வரை வேண்டியதை நடந்தே வாங்கிவிட்டு அதே ரயிலில் திரும்பலாம். மவுண்ட் ரோட்டின் கடைவீதிப் பகுதிக்கு அப்படியொரு நிலையம் 2019 வரை இல்லை.

மீட்சி முயற்சிகளுக்கு வருவோம். முதலாவது, எரிந்த ஸ்பென்சர்ஸ் இருந்த இடத்தில் தொண்ணூறுகளில் எழுந்த ஸ்பென்சர் பிளாசா. நாட்டின் தொடக்ககால மால்களில் ஒன்று. குளிரூட்டிய நடைவழிகளும் நகரும் படிக்கட்டும் அன்றைய சென்னைக்குப் புதுமை. லேண்ட்மார்க் புத்தகக் கடையும் மியூசிக் வேர்ல்டும் கல்லூரி மாணவர்களை இழுத்தன. காஷ்மீர் சால்வைக் கடைகளுக்கு வெளிநாட்டுப் பயணிகள் வந்தார்கள். பதினைந்து ஆண்டுகள் போல அது நன்றாகவே நடந்தது. பிறகு தளர்ந்தது. அடிப்படைக் குறை அதன் உரிமை முறையில் இருந்தது: கடைகள் தனித்தனியாக விற்கப்பட்டிருந்தன. எந்தத் தளத்தில் எந்த வகைக் கடை இருக்கலாம், வாடகையை எப்போது குறைக்கலாம், பழைய உட்புறத்தை எப்போது புதுப்பிக்கலாம் என்று முடிவெடுக்க ஒரே கை இல்லை. மொத்தமும் ஒரே நிறுவனத்தின் வசம் இருந்த புதிய மால்களோடு அது போட்டி போட முடியவில்லை. ஸ்பென்சர்ஸ் என்ற கம்பெனியோ 1989-இல் ஆர்.பி.ஜி. குழுமத்தின் கைக்குப் போய், 1996-இல் ஃபுட்வேர்ல்ட் என்ற பெயரில் குடியிருப்புப் பகுதிகளில் மளிகைக் கடைகளைத் திறக்கத் தொடங்கியது. வாடிக்கையாளர் எங்கே வசிக்கிறாரோ அங்கே கடையும் போக வேண்டும் என்பதை மவுண்ட் ரோட்டின் பழைய ராஜாவே ஒப்புக்கொண்ட தருணம் அது.

இரண்டாவது, எக்ஸ்பிரஸ் அவென்யூ. இந்தியன் எக்ஸ்பிரஸ் நாளிதழின் பரந்த வளாகத்தில், பழைய மெட்ராஸ் கிளப் நின்ற மண்ணில் 2010-இல் திறந்தது. வியாபார அளவில் பெரிய வெற்றி. ஆனால் அதன் வாசல்கள் ஒயிட்ஸ் ரோடு, கிளப் ஹவுஸ் ரோடு பக்கம் இருக்கின்றன. மவுண்ட் ரோட்டுக்கு அது முதுகு காட்டி நிற்கிறது. காரில் வருகிறவர் அடித்தளத்தில் வண்டியை விட்டு, உள்ளேயே வாங்கி, உள்ளேயே சாப்பிட்டு, உள்ளேயே படம் பார்த்து, அடித்தளத்திலிருந்தே வெளியேறுகிறார். கூப்பிடு தூரத்தில் இத்தனை கூட்டம் இருந்தும் மவுண்ட் ரோட்டுக் கடைக்காரருக்கு அதில் பங்கு வரவில்லை.

அதே 2010-இல் மவுண்ட் ரோட்டை ஒட்டிய ஓமந்தூரார் தோட்டத்தில் புதிய சட்டமன்ற, தலைமைச் செயலக வளாகம் திறக்கப்பட்டது. ஆட்சி மாறியது. 2014-இல் அது பன்னோக்கு மருத்துவமனையானது. மக்களுக்கு அதனால் கிடைத்த பயன் பெரிது, அதைக் குறைத்துப் பேச மாட்டேன். கடைவீதிக் கணக்கில் மட்டும் அதைச் சேர்க்க முடியாது.

மூன்றாவது, மெட்ரோ ரயில். சுரங்கம் தோண்டிய ஆண்டுகள் கடைகளுக்குக் கொடிய ஆண்டுகள். தகர வேலி முகப்பை மறைத்தது, போக்குவரத்து ஒருவழியாயிற்று, பி. ஆர் அண்ட் சன்ஸின் பின்கட்டு இடிக்கப்பட்டது. 2017 ஏப்ரலில் சாலையே உள்வாங்கி ஒரு பேருந்தும் காரும் பள்ளத்தில் இறங்கின. 2019 பிப்ரவரி 10-ஆம் தேதி வண்ணாரப்பேட்டை வரை பாதை திறந்தபோது எல்.ஐ.சி., அரசினர் தோட்டம், ஆயிரம் விளக்கு என்று மவுண்ட் ரோட்டின் கடைவீதிப் பகுதிக்கு வரிசையாக நிலையங்கள் கிடைத்தன. மாம்பலத்துக்கு இருந்த வசதி ஒருவழியாக இங்கேயும் வந்துவிட்டது. ஆனால் மாம்பலத்தில் இறங்கினால் கால் படுவது கடைத்தெருவில். இங்கே படியேறி வந்தால் விரைந்தோடும் வண்டிகளின் ஓரத்தில். நிலத்துக்கடியில் கோடிகோடியாகச் செலவு செய்த அரசு, மேலே இருக்கும் நடைபாதையைக் கடைவீதிக்கு உரியதாக அமைக்கவில்லை. மூன்று முயற்சிகளும் ஒரே இடத்தில் சறுக்கின. கட்டடம் கட்டினார்கள், ரயில் விட்டார்கள், வீதியைத் தொடவில்லை.

மவுண்ட் ரோட்டில் வியாபாரமே முடியாது என்று யாராவது சொன்னால் ரிச்சி தெருவுக்கு அழைத்துப் போங்கள். மவுண்ட் ரோட்டிலிருந்து திரும்பினால் வந்துவிடும். பழைய ரேடியோ பாகங்களில் தொடங்கி, டி.வி., கணினி, கேமரா, கைப்பேசி என்று காலத்துக்குக் காலம் சரக்கை மாற்றிக்கொண்ட சந்தை. நரசிங்கபுரம் தெருவும் மீரான் சாகிப் தெருவும் சேர்ந்து, நாட்டின் பெரிய மின்னணுச் சந்தைகளுள் ஒன்று அது. ஜெனரல் பேட்டர்ஸ் சாலை கார் உதிரிபாகத்துக்குப் பேர்போனது. இந்தத் தெருக்களில் அலங்காரம் இல்லை, குளிர்சாதனம் இல்லை. ஒரே சரக்குக்கு நூறு கடை அடுத்தடுத்து இருக்கிறது. ஒரு கடையில் இல்லாத பார்ட்ஸைப் பையனை ஓடவிட்டு எதிர்க்கடையிலிருந்து வரவழைத்துக் கொடுப்பார்கள். தெரு குறுகல், ஆகவே இரண்டே எட்டில் எதிர்ப்பக்கம் போய்விடலாம். மவுண்ட் ரோடு இழந்த அத்தனையும் அதன் கிளைத் தெருக்களில் பத்திரமாக இருக்கிறது.

வீதியைத் தொட்டால் என்ன நடக்கும் என்பதற்கு பாண்டி பஜார் சான்று. 2013-இல் அங்கிருந்த நடைபாதை வியாபாரிகளை மாநகராட்சி ஒரு வணிக வளாகத்துக்குள் மாற்றியது. 2019 நவம்பரில், சீர்மிகு நகரத் திட்டத்தின் கீழ், பனகல் பார்க் தொடங்கி ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டருக்கு நடைபாதை வளாகம் திறந்தது. வண்டித்தடத்தைக் குறைத்து, நடப்பவர்களுக்கு அகலமான இடம் கொடுத்தார்கள். உட்கார இருக்கை, குழந்தைகளுக்கு விளையாட்டு, மர நிழல். கார் நிறுத்த இடமில்லாவிட்டால் வியாபாரம் போய்விடும் என்று தொடக்கத்தில் கடைக்காரர்கள் அஞ்சினார்கள். மாலை நேரத்தில் அங்கே போய்ப் பார்ப்பவர்கள் அந்த அச்சத்தைப் பகிர மாட்டார்கள். குறைகள் உண்டு: நடைபாதைமேல் இருசக்கர வண்டிகள் ஏறுகின்றன, பராமரிப்பு தளர்கிறது, வளாகத்துக்குள் போன வியாபாரிகளுக்குத் தெருவில் இருந்த விற்பனை இல்லை. 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டத்தை மனதில் வைத்து, அவர்களுக்கும் நடைபாதையில் முறையான இடம் ஒதுக்கியிருக்கலாம்.

நடைபாதை ஒன்றே மருந்து என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரம், கட்டடக் கலைஞர் விக்டர் குரூயன் தீட்டிய திட்டத்தை ஒட்டி, 1959-இலேயே தன் நகரமையக் கடைத்தெருவில் வண்டிகளைத் தடுத்துப் பார்த்தது. பல ஊர்கள் அதைப் பின்பற்றின. பெரும்பாலானவை தோற்றன. கலமசூவே 1998-இல் தெருவின் ஒரு பகுதியை மீண்டும் வண்டிகளுக்குத் திறந்துவிட்டது. வாடிக்கையாளர் அனைவரும் புறநகரில் குடியேறிக் காரிலேயே வாழத் தொடங்கிய பிறகு, ஆளில்லாத தெருவில் நடைபாதை போட்டுப் பயனில்லை. சென்னையின் நிலை அதுவல்ல. மவுண்ட் ரோட்டைச் சுற்றித் திருவல்லிக்கேணியும் சிந்தாதிரிப்பேட்டையும் புதுப்பேட்டையும் ராயப்பேட்டையும் நெருக்கமான குடியிருப்புகளாக இன்றும் இருக்கின்றன. கால்நடையாகவும் பேருந்திலும் ரயிலிலும் வருகிறவர்கள் இங்கே குறைவில்லை. கடைக்கு முன்னால் நிற்க அவர்களுக்கு இடமில்லாததுதான் குறை.

அடுத்தது கட்டடங்கள். 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கடைகளுக்கும் பொருந்தியது. காலாவதியான வாடகையில் பல தலைமுறை நீடித்த குத்தகை, பழுதுபார்க்க மனமில்லாத உரிமையாளர், முடிவில்லாத வழக்கு என்று பல கட்டடங்கள் சீரழிந்தன. 2019-இல் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டம் எழுத்துவடிவ ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கி இந்த முடிச்சைத் தளர்த்தியிருக்கிறது. பழைய வழக்குகள் தீர இன்னும் காலம் பிடிக்கும். ஹிக்கின்பாதம்ஸ் தாக்குப்பிடித்ததில் வியப்பில்லை. சிம்சனையும் அதையும் கையில் வைத்திருக்கும் அமால்கமேஷன்ஸ் குழுமம் இந்தச் சாலையிலேயே தலைமையகம் கொண்டது. மண்ணும் கடையும் ஒரே கையில் இருக்கின்றன.

தனியார் சொத்தில் அரசு செய்யக்கூடியது குறைவு. பொதுத்துறைச் சொத்தில் அந்தச் சாக்குக்கு இடமில்லை. டபிள்யூ. ஈ. ஸ்மித் மருந்துக் கம்பெனிக்காக ஜே. எச். ஸ்டீபன்ஸ் வடிவமைத்து 1897-இல் முடித்த கட்டடம் பின்னாளில் பாரத் இன்சூரன்ஸ் கட்டடமாகி, ஆயுள் காப்பீடு தேசியமயமானபோது எல்.ஐ.சி.க்கு வந்தது. 2006-இல் அதை இடிக்கத் தொடங்கினார்கள். மரபுப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக் நீதிமன்றம் போனது. 2010-இல் சென்னை உயர் நீதிமன்றம் இடிக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. தமிழ்நாடு மரபுரிமை ஆணையச் சட்டமும் 2012-இல் நிறைவேறியது. மவுண்ட் ரோட்டின் மையத்தில், மெட்ரோ நிலையத்துக்கு அருகில் இருக்கும் அந்தக் கட்டடத்தின் கோபுரங்களுக்குக் கீழே கடை விளக்கு எரிய வேண்டும்.

ஆகவே கேட்கிறேன். எல்.ஐ.சி. நிறுவனம் அந்தக் கட்டடத்தைப் பழுதுபார்த்து, தரைத்தளத்தைச் சிறு கடைக்காரர்களுக்கு வாடகைக்கு விட வேண்டும். நெடுஞ்சாலைத் துறையும் மாநகராட்சியும் அண்ணா சிலையிலிருந்து ஸ்பென்சர் வரை ஒவ்வொரு பக்கமும் ஒரு தடத்தை நடப்பவர்களுக்குத் திருப்பித் தர வேண்டும். தேவி திரையரங்கப் பகுதியிலும் எல்.ஐ.சி. நிலையத்தருகிலும் மக்கள் படியிறங்காமல், தரைமட்டத்திலேயே சாலையைக் கடக்கப் போதிய நேரம் தரும் சிக்னல் வேண்டும். தேனாம்பேட்டைக்கும் சைதாப்பேட்டைக்கும் இடையே இதே சாலையில் 3.2 கிலோமீட்டர் மேம்பாலத்துக்காக 2024-இல் அடிக்கல் நாட்டிய அரசின் திட்டச் செலவு 621 கோடி ரூபாய். நான் கேட்பதற்கு அதில் சிறு பங்கே போதும்.